நம்ம ஊர் மழையில் பழகிய கை டிராக் மழைக்குப் போதுமா?

கேள்வி: அண்ணே, எனக்குக் குமரி மாவட்டத்தில் அருமனை பக்கம். வயது 26. நான் கார் ஓட்டப் பழகியதே மழையில்தான். நவம்பரில் சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு டிராக் டேக்கு (போட்டி இல்லாமல் சொந்த வண்டியை டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள்) பணம் கட்டியிருக்கிறேன், மழை பெய்தாலும் நடக்கும் என்கிறார்கள். என்னுடையது முன் சக்கரம் இழுக்கும் சின்ன வண்டி. போன மாதம் முன்னால் இரண்டு புது டயர் போட்டேன், பின்னால் பழசுதான். மழையில் பிடிமானம் வேண்டுமானால் டயரில் காற்றைக் குறைக்கணும், ஈஎஸ்பி-யை (வண்டி வழுக்கும்போது தானாகப் பிரேக் பிடித்து நேராக்கும் வசதி) ஆஃப் பண்ணணும் என்று கூட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். போவதற்கு முன்னால் ஆரல்வாய்மொழி நாலுவழிச் சாலையில் மழை நேரத்தில் ஒரு தடவை வேகமாக ஓட்டிப் பார்க்கலாமா? வண்டி அப்பா பெயரில் இருக்கிறது, அவரிடம் இன்னும் சொல்லவில்லை. போகவா, வேண்டாமா?

பதில்: போங்க தம்பி. மழை வருகிறது என்பதற்காகப் பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டாம். டிராக்கில் பயிற்சி கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், வெயிலில் நாலு நாள் ஓட்டிக் கற்பதை மழையில் ஒரே நாளில் கற்றுவிடலாம். ஏனென்றால் மழையில் எல்லாமே குறைந்த வேகத்திலேயே நடக்கும், கையிலும் காலிலும் உள்ள முரட்டுத்தனத்தை வண்டி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் ஆரல்வாய்மொழி ரோட்டில் பழகுவது கூடவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. அந்தக் கணவாயில் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும், முப்பந்தலில் காற்றாலைகளை வரிசையாக நட்டு வைத்திருப்பதே அதனால்தான். மழையோடு பக்கவாட்டில் ஒரு அடி அடித்தால், தண்ணீர் மேல் ஏறிய டயருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. எதிர்த்திசையில் ஓரமாக வரும் பைக், மழைக்கு ஒதுங்கி லைட் போடாமல் நிற்கும் லாரி, நடுவில் புகுந்து கடக்கிற ஆள், இவர்கள் யாரும் உங்கள் பயிற்சிக்குச் சம்மதம் சொல்லவில்லை. டிராக்கில் எல்லோரும் ஒரே திசையில்தான் போவார்கள், வழுக்கினால் போய் நிற்கப் புல்லும் மண்ணும் இருக்கும், கொடி காட்ட ஆள் இருப்பார்கள், ஆம்புலன்ஸ் பக்கத்திலேயே நிற்கும். அதற்காகத்தானே அவ்வளவு தூரம் போகிறீர்கள்.

சரி, நம்ம ஊர் மழை அனுபவம். இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, வருஷத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கிற ஆள்கள் நாம். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர்த் தோட்டத்து நிழலில் வெயிலே படாத ரோட்டில், சருகும் பாசியும் ஓரத்தில் கிடக்க, மேட்டிலிருந்து செம்மண் கலங்கி ஓடி வர ஓட்டியிருப்பீர்கள். அதனால் உங்களுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு, ஈரத் தரையைப் பார்த்ததும் கால் தானாக ஆக்சிலேட்டரிலிருந்து இறங்கும். சென்னைப் பையன்கள் பலருக்கு இந்தப் பழக்கம் வர நேரமாகும். கூடவே ஒரு தீமையும் உண்டு. நம்ம ரோட்டில் எல்லா வண்டியும் போய்ப் போய் விழுந்த தடத்திலேயே நாமும் போவோம், ஓரம் வழுக்கும், நடுதான் பத்திரம் என்று உடம்பு படித்து வைத்திருக்கிறது. டிராக்கில் மழை பெய்தால் பெரும்பாலும் இது தலைகீழ்.

அங்கே வெயில் நாளில் எல்லா வண்டியும் ஒரே கோட்டில்தான் போகும். அகலமாக வெளியிலிருந்து வந்து, வளைவின் உள் ஓரத்தை உரசி, திரும்பவும் அகலமாக வெளியே போவது. ரேசிங் லைன் என்று சொல்வது இதைத்தான். ஆயிரக்கணக்கான டயர்கள் அந்தக் கோட்டில் ரப்பரைத் தேய்த்து விட்டுப் போயிருக்கும், அதோடு எண்ணெயும் சொட்டியிருக்கும், தாரில் உள்ள ஜல்லி வழவழவென்று ஆகியிருக்கும். வெயிலில் அந்த ரப்பர்தான் பிடிமானம் கொடுக்கும். தண்ணீர் பட்டதும் அதே இடம் குளத்துப் படித்துறையில் தினமும் கால் படுகிற கல் மாதிரி ஆகிவிடும், ஆள் மிதிக்காத ஓரக் கல்லில்தான் கால் நிற்கும். அதனால் மழையில் அந்தக் கோட்டைவிட்டு ஒரு கார் அகலம் தள்ளி, சொரசொரப்பான தாரைத் தேட வேண்டும். வளைவுக்குள் நுழையும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் வெளியே, சில வளைவுகளில் முழுக்க வெளி ஓரமாகவே சுற்றி வருவதுகூட வேகமாக இருக்கும்.

2016-இல் பிரேசிலின் இன்டர்லாகோஸ் டிராக்கில் நடந்த எஃப்1 (ஃபார்முலா 1) கார் பந்தயத்தில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பென் செய்தது இதைத்தான். கொட்டுகிற மழையில் டயர் மாற்றப் போய் 16-ஆவது இடம் வரை பின்னால் விழுந்தவர், மற்றவர்கள் போகாத வெளி ஓரங்களில் பிடிமானத்தைக் கண்டுபிடித்து, ஒவ்வொருவராகத் தாண்டி மூன்றாவதாக முடித்தார். அவருடைய திறமையை நாம் கடன் வாங்க முடியாது, ஆனால் அந்தத் தேடுகிற புத்தியை வாங்கலாம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எல்லா வளைவிலும் வெளி ஓரம்தான் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. புதிதாகத் தார் போட்ட இடத்தில் பழைய கோடே நன்றாகப் பிடிக்கும், வெளி ஓரத்தில் தண்ணீர் தேங்கினால் அது உள் ஓரத்தைவிட மோசம். அதனால் முதல் இரண்டு மூன்று சுற்றை மெதுவாகவே போங்கள், ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு வளைவில் வேறு வேறு இடத்தில் சக்கரத்தை வைத்துப் பாருங்கள். கண்ணாடி போலப் பளபளக்கிற இடம் சந்தேகத்துக்குரியது, மங்கலாகத் தெரிகிற இடம் கொஞ்சம் நல்லது. ஓரத்தில் சிவப்பும் வெள்ளையும் பெயிண்ட் அடித்த மேடு, கர்ப் என்பார்கள், மழையில் அதன் மேல் சக்கரமே படக்கூடாது. வெள்ளைக் கோட்டின் மேலும் பிரேக் வேண்டாம்.

இருங்காட்டுக்கோட்டை சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. எந்த வளைவில் எங்கே தண்ணீர் குறுக்கே ஓடும் என்பது அங்கே தினமும் நிற்கிற பயிற்சியாளருக்கும் கொடி காட்டுகிறவருக்கும் தெரியும், வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள். காலையில் நடக்கும் விளக்கக் கூட்டத்தில் பின் வரிசையில் நின்று போன் பார்க்காதீர்கள்.

இப்போது டயர், உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது இதுதான். முன்னால் புதுசு, பின்னால் பழசு. முன் சக்கரம்தானே இழுக்கிறது, அதற்கு நல்லது போடு என்று டயர் கடையில் சொல்லியிருப்பார்கள், நிறைய கடைகளில் இப்படித்தான் சொல்கிறார்கள். மழைக்கு இது தப்பு. முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஸ்டியரிங் லேசாவது கையில் தெரியும், ஆக்சிலேட்டரை விட்டால் பெரும்பாலும் திரும்பப் பிடித்துவிடும். பின் டயர் முதலில் வழுக்கினால் வால் சுழலும், அதைச் சரிசெய்ய உங்களுக்குக் கிடைப்பது கண் இமைக்கும் நேரம். அதிலும் முன் சக்கரம் இழுக்கும் வண்டியில், வளைவின் நடுவில் பயந்துபோய்க் காலைச் சட்டென்று எடுத்தால் பாரம் முழுக்க முன்னால் சாய்ந்து, ஏற்கெனவே தேய்ந்த பின் டயர் இன்னும் லேசாகிவிடும். நல்ல இரண்டும் எப்போதும் பின்னால்தான் இருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் முன்னதைப் பின்னதாக மாற்றிவிடுங்கள், அதிகம் போனால் அரை மணி நேர வேலை.

மாற்றும்போதே பழைய இரண்டின் பள்ளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன ரப்பர் மேடு இருக்கும், அது 1.6 மில்லிமீட்டர், தேய்மானம் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம். ஆனால் மழை டிராக்குக்கு நான் அந்த எல்லையை ஏற்கமாட்டேன், 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் புதுசு போட்டுவிட்டுப் போங்கள். புது டயரில் இது 8 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். அந்தப் பள்ளங்கள் எதற்கு? தண்ணீரை அள்ளி வெளியே தள்ளுவதற்கு. பிரெல்லி செய்யும் எஃப்1 மழை டயர் 300 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு வினாடிக்கும் 85 லிட்டர் வரை தண்ணீரைத் தள்ளும் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. அப்படிப்பட்ட டயர் இருந்தும் தண்ணீர் அதிகமானால் அவர்களே போட்டியை நிறுத்துகிறார்கள்.

டயரால் தள்ளி முடிக்க முடியாத அளவு தண்ணீர் வந்தால் வண்டி தரையைவிட்டுத் தண்ணீர் மேல் ஏறி மிதக்கும், அக்வாபிளானிங் என்கிறோம். காற்றைக் குறைக்கச் சொல்லும் உங்கள் கூட்டுக்காரர்களுக்கு இதிலேயே பதில் இருக்கிறது. விமான டயர்களை வைத்து நாசா செய்த ஆராய்ச்சியிலிருந்து வந்த ஒரு தோராயமான கணக்கு உண்டு, தண்ணீர் போதிய ஆழம் இருந்தால் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 32 பிஎஸ்ஐ இருந்தால் மணிக்கு 94 கிலோமீட்டர் பக்கம், 28 ஆகக் குறைத்தால் 88 பக்கம். கார் டயருக்கு இது அப்படியே பொருந்தாது, பள்ளமும் அகலமும் சேர்ந்து கணக்கை மாற்றும், ஆனால் திசை இதுதான். காற்று குறைந்தால் சீக்கிரம் மிதப்பீர்கள். அவர்கள் சொல்வது வெயில் நாள் பழக்கம். வெயிலில் ஓட்ட ஓட்ட டயர் சூடாகி அழுத்தம் ஏறும், அதனால் இடையில் வந்து கொஞ்சம் காற்றை விடுவார்கள். மழையில் டயர் அவ்வளவாகச் சூடாகாது, ஏறாத காற்றை ஏன் விட வேண்டும்? கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வண்டி ஆறியிருக்கும்போது அடியுங்கள், விடாதீர்கள்.

மிதக்கத் தொடங்கியதை எப்படித் தெரிந்துகொள்வது? ஸ்டியரிங் திடீரென்று கையில் ஒன்றுமே இல்லாதது போல லேசாகும். உங்கள் வண்டியில் முன் சக்கரம் இழுப்பதால், வேகம் கூடாமலே என்ஜின் சத்தம் மட்டும் குபீரென்று ஏறும். அடிப்பலகையில் அடித்துக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தமும் மாறும். அந்த நேரத்தில் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். ஆக்சிலேட்டரை மெதுவாக விட்டு, சக்கரம் நேராக இருக்க, காத்திருங்கள். காத்திருப்பதுதான் கஷ்டம், ஒரு வினாடி ஒரு நிமிஷம் மாதிரி இருக்கும். சக்கரத்தைத் திருப்பி வைத்திருந்தால் தரை திரும்பக் கிடைத்த நொடியில் வண்டி திருப்பிய பக்கமே பாய்ந்துவிடும்.

ஈஎஸ்பி-யை ஆஃப் பண்ணவே பண்ணாதீர்கள். வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து அதை ஆனிலேயே வைத்திருங்கள், மீட்டரில் அந்த மஞ்சள் விளக்கு எங்கெல்லாம் மினுக்கியது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வளைவில் வெளியே வரும்போது ஒவ்வொரு சுற்றிலும் மினுக்கினால், அங்கே உங்கள் வலது கால் அவசரப்படுகிறது என்று பொருள். அடுத்த சுற்றில் அதே இடத்தில் விளக்கு எரியாமல் அதே வேகத்தில் வெளியே வர முயலுங்கள். ஒரு நாள் முழுக்க இதை மட்டும் செய்தாலே கட்டின பணம் வசூல்.

கணக்கும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் கண்ணளவு மழையில் ஏமாற்றும். நல்ல டயரும் நல்ல தாரும் இருந்தால் 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழு பிரேக்கில் நிற்க உலர்ந்த தரையில் தோராயமாக 65 மீட்டர் போதும், ஈரத்தில் 110 தாண்டும். வளைவில் அவ்வளவு பயங்கர வித்தியாசம் வராது, வெயிலில் 80-இல் போகிற வளைவு ஈரத்தில் 60 பக்கம். அதாவது நேர்ச்சாலையின் முடிவில்தான் உங்களுக்கு ஆபத்து, வளைவின் நடுவில் அவ்வளவு இல்லை. வெயில் நாளில், வளைவுக்கு 100 மீட்டர் இருக்கிறது என்று காட்டும் பலகையில் பிரேக் போடுகிறவர் என்றால் முதலில் 200-இல் தொடங்குங்கள், ரொம்ப முன்னாலேயே போட்டுவிட்டோமே என்று தோன்றினால் நல்லது, அடுத்தடுத்த சுற்றில் பத்துப் பத்து மீட்டராக நகர்த்திக்கொள்ளலாம். பிரேக் எல்லாவற்றையும் வண்டி நேராக இருக்கும்போதே முடியுங்கள், முடித்துவிட்டுத் திருப்புங்கள், திருப்பி முடிந்து சக்கரம் நேராகத் தொடங்கும்போது ஆக்சிலேட்டரை மிதியுங்கள். டயரிடம் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் கேட்கலாம், வெயிலில் இரண்டு வேலையும் சேர்த்துச் செய்து கொடுக்கும், மழையில் கொடுக்காது. மேனுவல் கியர் என்றால் ஒரு கியர் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவதில் சுற்றும் வளைவை மூன்றாவதில் சுற்றினால் சக்கரம் வெறுமனே சுழலாது.

முன்பக்கம் வழுக்கி வண்டி திரும்ப மாட்டேன் என்றால் எல்லோரும் ஸ்டியரிங்கை இன்னும் திருப்புவார்கள், கை தானாக அதைத்தான் செய்யும். நீங்கள் கொஞ்சம் நேராக்குங்கள், காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள், பிடிமானம் வந்ததும் திரும்பத் திருப்புங்கள். வால் வெளியே போனால் போக வேண்டிய இடத்தைப் பாருங்கள், மோதப் போகும் தடுப்பைப் பார்க்காதீர்கள், கண் போகிற பக்கம்தான் கையும் போகும்.

மழை தொடங்கிய முதல் பத்து நிமிஷம்தான் ரொம்ப வழுக்கும், தூசியும் எண்ணெயும் ரப்பரும் கலந்து குழைந்து கிடக்கும். நன்றாகப் பெய்து கழுவிவிட்டால் நிலைமை கொஞ்சம் சீராகும். மழை விட்டுக் காயத் தொடங்கும்போது அந்த ரேசிங் லைன்தான் முதலில் காயும், அப்போது பழைய கோட்டுக்குத் திரும்புங்கள். ஆனால் இரண்டு சக்கரம் காய்ந்த இடத்திலும் இரண்டு சக்கரம் ஈரத்திலும் இருக்கும்போது பிரேக் மிதித்தால் வண்டி காய்ந்த பக்கம் இழுக்கும், இதில்தான் நாள் முழுக்க ஒழுங்காக ஓட்டினவர்கள்கூட சாயங்காலம் புல்லுக்குள் போவார்கள்.

கொடிகளைப் பற்றி விளக்கக் கூட்டத்தில் சொல்வார்கள், இரண்டை மட்டும் நான் சொல்கிறேன். மஞ்சளும் சிவப்பும் பட்டை பட்டையாக இருந்தால் முன்னால் தரை வழுக்குகிறது. மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. மழையில் மஞ்சளைப் பார்த்துக் கொஞ்சம் குறைப்பது போதாது, எந்த நேரமும் நிறுத்தத் தயாராக நன்றாகவே குறையுங்கள். ஒருவர் வழுக்கிய இடத்தில் அதே தண்ணீர் அடுத்தவருக்கும் காத்திருக்கும். 2014-இல் ஜப்பானின் சுசுகாவில் மழையில் ஒரு கார் வழுக்கி வெளியே போனது, அதைத் தூக்க வந்த வண்டியின் மேல்தான் அடுத்த சுற்றில் அதே இடத்தில் வழுக்கிய எஃப்1 ஓட்டுநர் ஜூல்ஸ் பியாங்கி மோதினார். அடுத்த வருஷம் அவர் இறந்துபோனார். உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டுநர்கள் இருக்கும் இடத்தில் நடந்தது இது.

சின்ன விஷயங்களும் இருக்கின்றன, ஆனால் இவைதான் நாளைக் கெடுக்கும். வண்டிக்குள் ஏறும் முன்னால் ஷூவின் அடிப்பாகத்தைத் துணியால் துடையுங்கள், ஈர ஷூ பெடலில் நழுவும், பிரேக்கிலிருந்து நழுவிய கால் ஆக்சிலேட்டர் மேலே விழும். அதற்கென்றே ஒரு பழைய துண்டை ஓட்டுநர் பக்கக் கதவில் செருகி வைத்துக்கொள்ளுங்கள். ஏசி போட்டுக் காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி விடுங்கள், ஹெல்மெட்டுக்குள் மூச்சு விட்டே கண்ணாடி மங்கிவிடும், ஹெல்மெட் வைசரையும் ஒரு நூல் திறந்து வையுங்கள். வைப்பர் ரப்பர் காய்ந்து கீறல் விழுந்திருந்தால் மாற்றுங்கள். ஹெட்லைட்டைப் போட்டே ஓட்டுங்கள், தண்ணீர்ப் புகைக்குள் பின்னால் வருகிறவருக்கு உங்கள் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும்.

ஊரில் பழக வேண்டும் என்று ஆசை இருந்தால், வழக்கமாகப் போகிற வேகத்திலேயே பழகலாம். மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகும்போது 40-இல் போனால் போதும். பக்கத்தில் அம்மாவையோ தங்கையையோ உட்கார வையுங்கள், நீங்கள் பிரேக் போட்டு வண்டி நிற்கும் கடைசி நொடியில் அவர்கள் தலை முன்னால் ஆடக்கூடாது. மிதிப்பதைவிட விடுவதுதான் கலை, கடைசியில் பெடலை எப்படி விடுகிறீர்கள் என்று கவனியுங்கள். ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாமல், ஒரு வளைவுக்கு ஒரே திருப்பாகத் திருப்பிப் பாருங்கள். எல்லா நாளும் ஓட்டுகிற வேகத்தில் இதைச் செய்து பழகிய கால், டிராக்கில் 100-இல் அதையேதான் செய்யும்.

அப்புறம் அப்பா விஷயம். சொல்லிவிட்டுப் போங்கள் தம்பி. சாதாரண மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பாதுகாப்பு கிடையாது என்று எழுதியே இருக்கும். போட்டி இல்லை, டிராக் டே மட்டும்தான் என்றாலும் கம்பெனிக்காரர் பணம் தருவார் என்று நம்பிப் போகக்கூடாது, உங்கள் பாலிசியைப் படித்துப் பாருங்கள், ஏஜென்டிடம் நேராகக் கேளுங்கள். பம்பர் உடைந்தால் செலவு உங்கள் வீட்டில்தான், வண்டி அவர் பெயரில் இருப்பதால் அதை அவர் முன்கூட்டியே தெரிந்து சம்மதித்திருக்க வேண்டும். அது மட்டுமில்லை, டிராக்கில் தேய்ந்த அதே டயரில்தான் திரும்பவும் 700 கிலோமீட்டர் ஓட்டி வீட்டுக்கு வர வேண்டும். அன்றைக்கு இரவே கிளம்பாதீர்கள், தங்கிவிட்டு மறுநாள் காலையில் நாலு டயரையும் பக்கவாட்டுச் சுவரோடு சேர்த்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். முடிந்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், இரண்டாவது ஓட்டுநர் இருப்பது நல்லது.